சேந்தனின் ஏழாவது பண்பு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் வருஷ நடுவில், ஆடிக் காற்றில், திருச்சி ஜில்லா பெரம்பலூர் தாலுகாவில் மனித குலத்துக்கே பயன்படக்கூடிய ஓர் உண்மை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் தமிழாசிரியர் சிவசுப்பிரமணியன். ஒரு பழைய சோக நாடகத்தில், ராஜகுடும்பம் மொத்தமும் செத்து விழுந்த பிறகு, கடைசிக் காட்சியில் வாளோடு உள்ளே வருகிற பகை நாட்டு இளவரசனுக்குத் தலைமைப் பண்புகள் ஏழு இருக்கின்றன. ஆறு இல்லை, எட்டும் இல்லை. ஏழு.

இந்த உண்மை தெரியாமல் இத்தனை காலம் நாடு எப்படி நடந்தது என்று சிவசுப்பிரமணியனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாடகத்தின் பெயர் 'பாழ்முடி'. எழுதிய புலவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆகிறது. கதை பெரிய சிக்கலில்லை. ராஜா தன் மகனைச் சந்தேகிக்கிறார். மகன் ராஜாவைச் சந்தேகிக்கிறான். ராணி இருவரையும் சந்தேகிக்கிறாள். ஒருவருக்கொருவர் பாயசத்தில் விஷம் வைத்துக்கொண்டு, ஒரே பந்தியில் மந்திரி உட்பட எல்லாரும் சாகிறார்கள். மூன்று வருஷமாகக் கோட்டைக்கு வெளியே படையோடு காத்திருந்த பகை இளவரசன் சேந்தன் அப்போது உள்ளே வருகிறான். எதிரியின் பிணத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் மேலாடையை எடுத்துப் போர்த்துகிறான். நெற்களஞ்சியத்தில் கை வைக்கக் கூடாது என்று தன் வீரர்களுக்குச் சொல்கிறான். அப்புறம் நேராகப் போய் அரியணையில் உட்கார்ந்து, "இன்று முதல் இந்நாட்டில் எவரும் பசியோடு உறங்கலாகாது" என்கிறான். திரை.

இதிலிருந்துதான் ஏழு பண்புகள். பொறுமை, காலம் அறிதல், பகைவனை மதித்தல் என்று தொடங்கி ஏழாவதில் வந்து நிற்கும். 'உரிய இடம் தன்னை அடையும்போது தயங்காமல் அமர்தல்.' இதைச் சொல்லும்போது சிவசுப்பிரமணியன் ஒரு கையை உயர்த்தி, மெதுவாக இறக்கி, மேஜையின் மேல் வைப்பார். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் சொன்னார். கூட்டுறவு வார விழாவில் சொன்னார். ஒரு காதுகுத்தில்கூடச் சொன்னார்; குழந்தை அழுததால் ஐந்தாவது பண்போடு நிறுத்த வேண்டியதாயிற்று.

பெரம்பலூருக்கும் வாலிகண்டபுரத்துக்கும் நடுவில் இருந்தது அவர் குடியிருந்த ஊர். அங்கே கலைமன்றம் ஒன்று உண்டு. தலைவர் அய்யாக்கண்ணு. நிலம், கடலைக் கிடங்கு, இரண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவர் பதவி எல்லாம் கண்டவர். சிவசுப்பிரமணியன் குடியிருந்த வீடு அவருடையது. காலையில் காபிக்கு வந்த பாலும் அவர் வீட்டு மாட்டுடையது. காணும் பொங்கலுக்கு 'பாழ்முடி' போடுவது என்று மன்றம் முடிவு செய்தபோது, இயக்குவதற்குச் சிவசுப்பிரமணியனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வேஷம் கொடுப்பதில்தான் முதல் சங்கடம் வந்தது. ஊர்ப் பெரிய வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் சாக வேண்டும் என்று நின்றார்கள். விஷம் குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் வசனம் பேசிச் சாகிற பாகம் எல்லாருக்கும் வேண்டும். அய்யாக்கண்ணுவின் மைத்துனர் பழனிவேல் ராஜாவானார். அவர் இரண்டு தடவை விழுந்து எழுந்து மூன்றாவது தடவைதான் சாவேன் என்று நிபந்தனை போட்டார். மந்திரிக்கு நாடகத்தில் சாகும் வசனமே கிடையாது. அந்த வேஷம் போட்டவர் கோபித்துக்கொண்டதால் சிவசுப்பிரமணியன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ராணிக்குத் திருச்சியிலிருந்து ஜானகி என்ற நாடக நடிகையை ஏற்பாடு செய்தார்கள்.

கடைசியில் இருபது நிமிஷம் வந்து, சாகாமல், உயிரோடு நிற்கிற சேந்தனை ஒருவரும் சீண்டவில்லை.

அந்த வேஷத்துக்குத்தான் மாயவன் வந்தான். கீழத்தெருப் பையன். அந்தத் தெருவில் முதல் எஸ்.எஸ்.எல்.சி. பெரம்பலூர்–அரியலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எண்பது பேர் தொங்குகிற பஸ்ஸில் குரலை உயர்த்தாமலே ஆளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிற சாமர்த்தியம் உள்ளவன். படித்துக் காட்டச் சொன்னபோது ஒரே மூச்சில் படித்தான். சிவசுப்பிரமணியனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏழு பண்பும் சட்டையில் கண்டக்டர் பேட்ஜைக் குத்திக்கொண்டு எதிரே நிற்பதுபோல இருந்தது.

"எப்படிடா மாயவா, இவ்வளவு நிதானமாப் பேசற?"

"பஸ்ஸுல கத்துனா எவன் சார் கேக்கறான்? மெதுவாச் சொன்னாத்தான் என்னமோ ஏதோன்னு பயந்து உள்ள போவான்."

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். அந்த நாளில் நாடகப் புத்தகம் ஒன்றுதான் இருக்கும். அது வாத்தியார் கையில். நடிப்பவர்கள் அவரவர் வசனத்தையும், அதற்கு முந்தின ஆளின் கடைசிச் சொல்லையும் மட்டும் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். அடுத்தவன் என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியமில்லை. தான் செத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் அந்த ஊரில் ஒருவருக்கும் அக்கறை இருக்கவில்லை. வாத்தியாரின் பண்புகளை ஏழாவது வரை காது கொடுத்துக் கேட்டவரும் இல்லை. ஆக, கடைசிக் காட்சியில் யார் எதில் உட்காருகிறான் என்பது மன்றத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்: சிவசுப்பிரமணியனுக்கும் மாயவனுக்கும்.

இதற்கு நடுவில் அய்யாக்கண்ணு ஓர் உதவி செய்தார். அரியணைக்குத் தன் வீட்டு நாற்காலியைத் தருவதாகச் சொன்னார். உடையார்பாளையம் பக்கம் எங்கோ ஏலத்தில் அவருடைய அப்பா எடுத்த தேக்கு நாற்காலி. கைப்பிடிகளில் சிங்க முகம். இடது பக்கச் சிங்கத்துக்கு மூக்கில்லை. நோட்டீஸிலேயே போட்டுவிட்டார்கள்: 'எங்கள் தலைவர் இல்லத்து நூற்றாண்டு கண்ட அரியணை முதன்முறையாக மேடையேறுகிறது!' கதாநாயகன் பெயரைவிட இது பெரிய எழுத்தில் இருந்தது.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடலைக் கிடங்கில் முழு ஒத்திகை. அன்றுதான் நாற்காலி வந்து சேர்ந்தது. பந்தி நடந்தது. பாயசம் குடித்தார்கள். பழனிவேல் மூன்று தடவையும் விழுந்து முடித்தார். மாயவன் வந்தான், துண்டை எடுத்து ராஜாவின் மேல் போர்த்தினான், திரும்பினான், நாலு எட்டு வைத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

செத்துக் கிடந்த ராஜா போர்த்தியிருந்த துண்டை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

"யோவ் வாத்யாரே! இவன் எங்கய்யா ஒக்கார்றான்?"

ராஜாவின் மகன் எழுந்தான். மந்திரி எழுந்தார். நூறு வருஷமாகச் செத்துக் கிடந்த அரச வம்சத்தை மாயவன் ஒரே நொடியில் பிழைக்க வைத்துவிட்டான்.

"நாடகத்துல அப்படித்தாங்க இருக்கு" என்றார் சிவசுப்பிரமணியன்.

"நாடகத்துல இருந்தா? அது எங்க மாமாரு ஒக்காந்த நாற்காலிய்யா!"

மாயவன் எழுந்து நின்றான். யாரும் அவனை எழச் சொல்லவில்லை. சிவசுப்பிரமணியனைப் பார்த்தான். சிவசுப்பிரமணியன் புத்தகத்தில் ஏதோ பக்கத்தைத் தேடினார். அவர் தேடிய பக்கம் திறந்தேதான் இருந்தது.

மறுநாள் காலை அய்யாக்கண்ணு வீட்டிலிருந்து ஆள் வந்தது.

"வாங்க வாத்யாரே, ஒக்காருங்க. காபி சாப்பிடுங்க" என்றார் அய்யாக்கண்ணு. கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சிவசுப்பிரமணியனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "இதப் பாருங்க, எனக்கு எந்த வித்தியாசமும் கெடையாது. எம் பேரன் பள்ளிக்கூடத்துல அவங்க புள்ளைங்களோடதான் ஒக்காந்து படிக்கறான். நான் ஒரு வார்த்த சொன்னனா?"

"இல்லீங்க."

"மாயவன் தங்கமான பய. பஸ்ஸுல ஏறுனா மொதல்ல எனக்குத்தான் சீட்டு பாத்துக் குடுப்பான். நான் சொல்றது நாற்காலிக்காக. எங்க அப்பாரு உசுரு போனதே அதுல ஒக்காந்துதான்."

"அப்ப வேற நாற்காலி ஏதாச்சும் வெச்சுக்கலாங்களா?"

"நோட்டீஸ் அடிச்சாச்சேய்யா! லப்பைக்குடிக்காடு வரைக்கும் ஒட்டிட்டு வந்துட்டானுவ. நாற்காலியக் காணோமேன்னு கேட்டா என் மொகத்த எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"அப்ப சேந்தன் வேஷத்துக்கு வேற யாராச்சும்..."

"யாரு வருவா? எல்லாப் பயலுந்தான் சாவறதுக்கு நிக்கிறானுவளே." அய்யாக்கண்ணு டம்ளரை நகர்த்தினார். "நீங்க படிச்சவரு. ஒரு வரி மாத்துனா முடிஞ்சுபோற காரியம். ஆனா நான் சொன்னேன்னு இருக்க வேண்டாம்."

சிவசுப்பிரமணியன் காபியைக் குடித்தார். நல்ல காபி. அதுவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

பகை இளவரசனின் பண்புகளில் நான்காவது 'அஞ்சாமை'. அதை விளக்க அவர் வழக்கமாகக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். அந்த வரியை மாற்ற அவருக்கு நான்கு நிமிஷம்தான் ஆயிற்று. 'குருதி படிந்த அரியணையில் அமர மாட்டேன்! கடைக்கோடிக் குடிமகன் நிற்கும் வரையில் நானும் நின்றே ஆள்வேன்!' இதில் பெரிய கேவலம் என்னவென்றால், வசனம் நன்றாக அமைந்துவிட்டது. பழையதைவிட நன்றாக. எழுதி முடித்துவிட்டு அவரே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

அடுப்படியில் இருந்த மனைவி புஷ்பவல்லியின் காதில் விழுந்துவிட்டது.

"ஏங்க, ஏழாவது பண்பு என்னமோ சொல்வீங்களே, தயங்காம ஒக்காரணும்னு?"

"அதையே இன்னும் உயர்வாச் செஞ்சிருக்கேன். பதவி மறுப்பு. துறவு மாதிரி."

"யாரு மறுக்கறா? அந்தப் பையனா, அய்யாக்கண்ணுவா?"

"உனக்கு நாடகம் புரியாது."

"எனக்கு நாடகம் புரியாட்டிப் போவுது. பாலு எங்கேருந்து வருதுன்னு புரியுது" என்று சொல்லிவிட்டுப் புஷ்பவல்லி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

மாயவனிடம் சொல்ல வேண்டுமே. பெரம்பலூர் பஸ் நிலையத்துக்குப் போனார். பதினோரு மணி வண்டி நின்றுகொண்டிருந்தது. மாயவன் முன் டயர் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். சிவசுப்பிரமணியன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். நாடகக் கலை வளர்ச்சி, காலத்துக்கேற்ற மாற்றம், உட்கார்ந்தால் அவன் வெறும் ராஜா, நின்றால் மகாத்மா. பேசப் பேச அவருடைய குரல் மேடைக்குப் போய்விட்டது. பக்கத்தில் வேர்க்கடலை விற்றவள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

மாயவன் டீயை முடித்தான்.

"ஒண்ணு கேக்கறேன் சார். சேந்தன் ஒக்காரக் கூடாதா, அந்த நாற்காலியில ஒக்காரக் கூடாதா?"

"சேந்தன்தாம்ப்பா. கொள்கை."

"அப்ப ஒரு முக்காலி போட்டா அதுல ஒக்காரலாங்களா சார்?"

சிவசுப்பிரமணியன் வேர்க்கடலைக் கூடையைப் பார்த்தார். ஏழு பண்பையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இருக்கட்டும் சார். நிக்கறது எனக்குப் பழக்கந்தான். கண்டக்டர் வேல" என்றான் மாயவன். கிளாஸைக் கழுவி வைத்தான். "எங்கம்மாதான் தெரு பூரா சொல்லி வெச்சிருக்கு, எம் மவன் கடைசில ராசாவாயி ஒக்காருவான்னு. நான் சொல்லிக்கறேன். நீங்க வெசனப்படாதீங்க."

விசில் கொடுத்தான். பஸ் போயிற்று. 'நீங்க வெசனப்படாதீங்க' என்ற இரண்டு சொல் மட்டும் பஸ் நிலையத்திலேயே இறங்கிக்கொண்டு, சிவசுப்பிரமணியனோடு வீடு வரை நடந்து வந்தது.

காணும் பொங்கலன்று, வாலிகண்டபுரம் சாலையில் இருந்த டூரிங் கொட்டகையைப் பகலுக்கு மட்டும் கேட்டு வாங்கியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு நாடகம். கூரைக் கீற்றின் இடுக்குகளில் வெயில் இறங்கி, ராஜசபையில் ஆங்காங்கே நாலணா வட்டங்களாகக் கிடந்தது. முன் வரிசையில் நாற்காலிகள். நடுவில் பெஞ்சுகள். வலது ஓரம் மணல் தரையில் கீழத்தெரு. முன்னால் ஆண்டாயி, மாயவனின் அம்மா, புதுச் சேலையில். அவள் நாடகத்தின் முதல் மூன்று மணி நேரத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அவளுடைய ராசா இன்னும் வரவில்லை.

தலைமை விருந்தினர் அரியலூரிலிருந்து வந்திருந்தார்: முத்துசாமி, ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி, அங்கே ஓர் இலக்கிய வட்டத்துக்குத் தலைவர்.

பழனிவேல் மூன்று தடவை விழுந்தார். கைதட்டலைக் கேட்டு நான்காவது தடவையும் எழுந்து விழுந்தார். மந்திரி புதிதாகக் கிடைத்த ஒரு பக்கத்தையும் பேசிச் செத்தார். ஜானகி மட்டும் சத்தமில்லாமல், முந்தானையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, நாற்காலியின் காலடியில் சாய்ந்து செத்தாள்.

மாயவன் வந்தான்.

கொட்டகை அடங்கியது. அட்டைக் கிரீடமும் சரிகைத் துணியும் அவன் மேல் அட்டையாகவும் துணியாகவும் தெரியவில்லை. ராஜாவுக்கு மேலாடையைப் போர்த்தினான். களஞ்சியத்தைப் பற்றிச் சொன்னான். திரும்பினான். நாலு எட்டு வைத்தான். நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டான்.

"குருதி படிந்த அரியணையில் அமர மாட்டேன்..."

"ஒக்காருடா மாயவா!"

ஆண்டாயி எழுந்து நின்று கத்தினாள். மகன் சொன்னதை அவள் நம்பவில்லையா, மகன் சொல்லவே இல்லையா, தெரியாது.

"ஏன்டா நிக்கற? ஒக்காருடா!"

கீழத்தெருவில் நாலைந்து இளவட்டங்கள் எழுந்தார்கள். "ஏன் ஒக்கார வுடல? எவன்டா வேணாம்னவன்?" என்று ஒரு குரல். பெஞ்சுப் பக்கம் பத்துப் பேர் எழுந்தார்கள். ஒருவன் பெஞ்சிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்துவிட்டான். சிவசுப்பிரமணியன் மேடை ஓரத்தில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மேடைக்கு வந்து, இந்த வரி புலவர் எழுதியதல்ல, நான் பயந்து எழுதியது, மாயவா உட்காரப்பா என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். முன் வரிசையில் அய்யாக்கண்ணு தெரிந்தார். எடுத்து வைத்த காலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

மேடையில் சேந்தன் கையை உயர்த்தினான். கத்தவில்லை.

"எல்லாரும் ஒக்காருங்க" என்றான்.

அரசவைத் தமிழில்லை, பஸ்ஸில் சொல்கிற மாதிரி. பலகை வைத்திருந்தவனைப் பார்த்து, "அதக் கீழ வைய்யி. வயசானவங்க இருக்காங்க" என்றான். இளவட்டங்களைப் பார்த்தான், அவர்கள் உட்கார்ந்தார்கள். பெஞ்சுக்காரர்களைப் பார்த்தான், அவர்களும் உட்கார்ந்தார்கள். என்ன ஏதென்று எழுந்திருந்த முன் வரிசையும், அய்யாக்கண்ணு உட்பட, உட்கார்ந்தது. கடைசியாக அம்மாவைப் பார்த்தான். "ஒக்காரும்மா" என்றான். ஆண்டாயி உட்கார்ந்தாள், முகத்தைப் புதுச் சேலையில் மூடிக்கொண்டாள்.

கொட்டகை முழுவதும் உட்கார்ந்திருக்க, மாயவன் ஒருவன் நின்றுகொண்டு மிச்ச வசனத்தைச் சொல்லி முடித்தான். திரை விழுந்தது.

முதலில் எழுந்து கைதட்டியவர் தலைமை விருந்தினர் முத்துசாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறினார். "மக்களை அமர்த்திவிட்டுத் தான் நிற்கிறான்! சபையையே பாத்திரமாக்கி, அந்தத் தாயையும் நடுவில் உட்கார வைத்து எழுப்பி... என்ன உத்தி! இது புலவர் சிந்தனையா, இயக்குநர் சிந்தனையா?"

"எங்க வாத்யாரு சிந்தனைதாங்க" என்றார் அய்யாக்கண்ணு பெருந்தன்மையாக. சொன்னபடியே தன் பெயரை அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

சால்வை வந்தது. மாலை வந்தது. சிவசுப்பிரமணியன் கழுத்தை நீட்டினார். சால்வையைக் கழற்றி மாயவனுக்குப் போர்த்த வேண்டும் என்று தோன்றியது உண்மை. அதற்காகத் திரும்பிப் பார்த்ததும் உண்மை. மாயவன் அதற்குள் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்தே முக்கால் வண்டிக்குப் போயிருந்தான்.

பூச்சைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்த ஜானகி அவரைக் கூப்பிட்டாள்.

"வாத்யாரே, இருவது வருஷமா மேடையில செத்துக்கிட்டு இருக்கேன். ராசா ஒக்காராம நின்னத இன்னிக்குத்தான் பாத்தேன். கால் நடுங்கிச்சு அந்தப் பையனுக்கு. நான் கீழ கெடந்தேன்ல, எனக்குத் தெரிஞ்சிச்சு."

"அவன் தைரியமா நின்ன மாதிரி..."

"ஒங்களுக்குத் தூரம்" என்றாள் ஜானகி.

மாசி மாதம் அரியலூர் இலக்கிய வட்டத்திலிருந்து கடிதம் வந்தது. 'பகை இளவரசனின் தலைமைப் பண்புகள்' பற்றிச் சிறப்புரை ஆற்ற வேண்டும். குறிப்பாக அந்தப் பதவி மறுப்பை விளக்க வேண்டும். சிவசுப்பிரமணியன் மூன்று நாள் குறிப்பு எடுத்தார். ஏழாவது பண்பைப் பழையபடியே எழுதினார்: தயங்காமல் அமர்தல். அதன் கீழே, 'இதை நான் ஏன் மாற்றினேன்' என்று ஒரு தலைப்புப் போட்டு, நடந்ததை அய்யாக்கண்ணு வீட்டுக் காபி முதல் ஒன்று விடாமல் எழுதினார். எழுதி முடித்ததும் மனசு லேசானது. புஷ்பவல்லியிடம் படித்துக் காட்டினார்.

அவள் முழுவதும் கேட்டாள். "இதச் சொல்லிட்டு வந்தீங்கன்னா வேற வூடு பாத்துக்கலாம். எனக்குச் சம்மதம்" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

பெரம்பலூரில் ஏறியது மாயவன் வண்டி. ஒரே கூட்டம். சிவசுப்பிரமணியன் படியிலேயே நின்றுவிடுவது என்று தீர்மானித்திருந்தார். அரியலூர் வரை நின்றுகொண்டே போவது. அது ஒரு பிராயச்சித்தம் மாதிரி இருக்கும் என்று நினைத்தார்.

"சார், உள்ள வாங்க. எடம் இருக்கு." மாயவன் ஒரு மூட்டையைத் தள்ளி, ஓர் ஆளை நகர்த்தி, ஜன்னலோரமாக இடம் செய்தான்.

"இருக்கட்டும்ப்பா. நான் நிக்கறேன்."

"ரோடு மோசம் சார். விழுந்து வச்சீங்கன்னா எனக்குத்தான் கேடு. ஒக்காருங்க."

உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"நல்லாருக்கு சார். ஒரு வாரம் பேசல எங்கூட. இப்பப் பேசுது." டிக்கெட்டைக் கிழித்தான். "எங்க சார், மீட்டிங்கா?"

"ஆமாம்ப்பா. சேந்தனைப் பத்தித்தான். இன்னைக்கு உண்மையச் சொல்லிடப் போறேன் மாயவா. எல்லாத்தையும். எழுதியே வெச்சிருக்கேன்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

மாயவன் அந்தப் பையைப் பார்த்தான். அவருடைய முகத்தைப் பார்த்தான்.

"சொல்லுங்க சார்" என்றான். பின்னால் யாரோ டிக்கெட் கேட்டார்கள். போனான்.

அரியலூரில் நல்ல கூட்டம். நூற்றுக்கு மேல் இருக்கும். மின்விசிறி, மேஜை, கண்ணாடி ஜாடியில் தண்ணீர். முத்துசாமி அவரை வரவேற்றுப் பேசினார். அந்தக் கொட்டகைக் காட்சியை வர்ணித்தார். சொல்லும்போது மறுபடியும் கண் கலங்கினார். 'இந்தப் பெருமகனார் உள்ளத்தில் உதித்த அந்த ஒரு வரி' என்றார். சபை கைதட்டிற்று. சிவசுப்பிரமணியன் எழுந்தார். பொறுமையைச் சொன்னார். காலம் அறிதலைச் சொன்னார். நான்காவதான அஞ்சாமைக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆறு முடிந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். சபை காத்திருந்தது. முன்னால் முத்துசாமி ஈரக் கண்ணோடு புன்னகை செய்தார்.

சிவசுப்பிரமணியன் தண்ணீர் குடித்தார். வழக்கம்போல ஒரு கையை உயர்த்தினார். மெதுவாக இறக்கி, காகிதத்தின் மேல் வைத்தார். எழுத்து முழுவதும் உள்ளங்கைக்குள் மறைந்தது.

"ஏழாவது பண்பு," என்றார், "கிடைத்த பதவியை மறுத்தல்."

பேச்சு நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.